கலிய நாயனார் காட்டிய வேலை

திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதிக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகின்றவர்களுள் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் உண்டு. 36 ஆண்டுகள் பணிபுரிந்து, 60 வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாளன்று மாலையும் சால்வையுமாக வீடு திரும்பியவர். மறுநாள் காலை வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்தது. நீராடி, திருநீறு அணிந்து, சட்டையையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

முதல் இரண்டு மாதங்கள் எப்படியோ கழிந்தன. காலையும் மாலையும் கோயில், நடுவே நாளிதழ். வீட்டில் மளிகைக் கணக்கை ஒழுங்குபடுத்தப் புறப்பட்டார். மனைவியார் இரண்டே வாரத்தில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

மூன்றாம் மாதம், மக்களிடம் வைப்புத்தொகை திரட்டும் தனியார் நிறுவனம் ஒன்று ஆலோசகர் பதவி தர முன்வந்தது. மாதம் 40,000 ரூபாய் ஊதியம்; அழைத்துச் செல்ல வண்டி வரும். மகனுக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவன் வாங்கிய வீட்டுக் கடனுக்கு அந்தத் தொகை பெருந்துணையாக இருந்திருக்கும். அவரும் ஆவலோடுதான் நேர்காணலுக்குச் சென்றார். "என்ன வேலை செய்ய வேண்டும்?" என்று கேட்டதற்கு, "பெரிதாக ஒன்றுமில்லை சார். உங்களுக்குத் தெரிந்த பென்ஷன்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்று பதில் வந்தது. வங்கிகள் தருவதைவிடப் பன்மடங்கு வட்டி தருவதாக அவர்கள் அச்சிட்டிருந்த தாளைப் படித்துப் பார்த்தார். அவர்கள் விலை பேசியது அவருடைய அறிவை அல்ல, முகத்தை என்று அப்போது விளங்கியது. இத்தகைய தாள்களை நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் தம் மேசைக்கு எதிரே அமர்ந்து கண்ணீர் விட்டதைப் பலமுறை கண்டவர் அவர். மறுநாளே மறுத்து எழுதிவிட்டார். மகன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேண்டாத வேலை எது என்பது தெரிந்துவிட்டது. வேண்டிய வேலை எது என்பதுதான் தெரியவில்லை.

கோயில் பணியே தக்கது என்று எண்ணி, முதலில் உழவாரப் பணிக் குழுவில் சேர்ந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் புல் செதுக்கியதில் முழங்கால் வீங்கிற்று. பிறகு பூத்தொடுக்க அமர்ந்தார். சங்கிலி நாச்சியார் மாலை கட்டித் தொண்டு செய்த தலத்தில் தாமும் மாலை கட்டுவது பெரும் பேறு என்று நினைத்தார். அவர் கட்டிய மாலை சந்நிதியை அடையும் முன்பே உதிர்ந்தது. உடனிருந்த மூதாட்டி சிரிக்காமல் அதை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. உண்டியல் எண்ணும் நாளில் மட்டும் கை தானாக ஓடியது. கட்டுக்கட்டாக அடுக்கி முடித்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். வீடு திரும்பியபோதோ மனம் வெறுமையாக இருந்தது. பணத்தை எண்ணுவதில் தமக்கு ஒருநாளும் இன்பம் இருந்ததில்லை என்பதை 36 ஆண்டுகள் கழித்து அன்றுதான் அவர் உணர்ந்தார்.

அந்தச் சமயத்தில் பெரியபுராணச் சொற்பொழிவு ஒன்று நடந்தது. அன்று கலிய நாயனார் புராணம். இவ்வூர்ச் சக்கரப்பாடித் தெருவில், செக்கு ஆட்டும் மரபில் தோன்றியவர். பெருஞ்செல்வர். திருக்கோயிலின் உள்ளும் புறமும் அல்லும் பகலும் எண்ணிலாத விளக்குகளை ஏற்றியவர். செல்வம் முழுதும் தேய்ந்தபின், தம் மரபினரிடமே எண்ணெய் பெற்று விற்றுக் கொடுத்து, அதில் கிடைத்த கூலியைக் கொண்டு விளக்கேற்றினார். எண்ணெய் கொடுப்பாரும் இல்லாதபோது பிறர் செக்கில் கூலியாளாக நின்று உழைத்தார். அதுவும் அற்றபோது வீட்டையும் பண்டங்களையும் விற்றார். மனைவியாரையே விற்க முயன்று, கொள்வார் இல்லாமல், இறுதியில் தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்து கழுத்தில் கருவி வைத்தபோது இறைவன் அக்கையைப் பற்றித் தடுத்தான்.

வங்கிக்காரருக்கு அடியார் வரலாறுகளில் ஒரு சிறு சங்கடம் எப்போதும் உண்டு. வாதவூரடிகள் குதிரை வாங்கக் கொண்டு சென்ற அரசுப் பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டதையும், பத்ராசலம் ராமதாசர் வரிப்பணத்தில் ஆலயம் எழுப்பியதையும் கேட்கும்போதெல்லாம், தணிக்கைக்கு அஞ்சியே பழகிய நெஞ்சு துணுக்குறும். இறைவனே வந்து பொறுப்பேற்றதால் அவை வேறு. கலியனார் வரலாற்றில் அந்தச் சங்கடமும் இல்லை. எல்லாம் சொந்தப் பொருள்.

அன்றிரவு அவரை உறங்கவிடாமல் செய்தது குருதி வார்க்கத் துணிந்த கட்டம் அன்று. செக்குக்கு உரியவராக இருந்தவர், அதே தெருவில், அதே மரபினர் காண, பிறர் செக்கடியில் கூலியாளாக நின்ற கட்டம். அவர் புதுத்தொழில் எதையும் தேடவில்லை. தெரிந்த தொழிலையே, தலைமை போனபின்னும், விளக்குக்காகச் செய்தார். தமக்குத் தெரிந்த தொழில் எது என்று இவர் தம்மைக் கேட்டுக்கொண்டார். பதவி உயர்வுகள் நினைவுக்கு வரவில்லை. பெருங்கடன்களுக்கு ஒப்புதல் அளித்த நாட்களும் வரவில்லை. படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திகைத்து நின்ற முதியவர்களை உட்கார வைத்து, வரி வரியாக நிரப்பிக் கொடுத்த மதியங்கள் வந்தன. உணவு வேளை போனதே தெரியாத நாட்கள் அவைதாம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கமாகப் பூ வாங்கும் கடையில் அந்த அம்மாள் மூன்று வாரமாக இல்லை. வந்தபோது நெற்றியில் பொட்டில்லை. கணவர் மீன்பிடித் துறைமுகத்தில் சுமை தூக்கியவர், வயது 47, நெஞ்சுவலி. "பேங்குல என்னமோ கேக்குறாங்க சார், ஒண்ணும் புரியல" என்று கணவருடைய கணக்குப் புத்தகத்தை நீட்டினார். இருப்பு 1,100 ரூபாய்ச் சொச்சம். பக்கங்களைப் புரட்டியவருடைய விரல் மே மாதக் கடைசியில் ஒரு வரியில் நின்றது. 436 ரூபாய் பிடித்தம். முந்தைய ஆண்டும் அதே தொகை.

அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஆண்டுச் சந்தா. ஜூன் முதல் மறு ஆண்டு மே வரை செல்லும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். கணவர் என்றோ கையெழுத்திட்டிருக்கிறார்; வீட்டில் சொல்லவில்லை. கோரினால் அல்லவா கொடுப்பார்கள்! அங்கேயே, பூக்கூடைக்கு அருகில் படிக்கட்டில் அமர்ந்து, தேவையான ஆவணங்களை எழுதிக் கொடுத்தார். இறப்புச் சான்று பெறவும், படிவம் நிரப்பவும், கிளைக்குச் செல்லவும் உடன் நின்றார். கிளையில் இளம் அலுவலர் ஒருவர் அவரைத் தரகர் என்று எண்ணி, "நீங்க வெளியே நில்லுங்க" என்றார். அவர் வெளியே நின்றார். ஒரு காலத்தில் மேலாளர் அறையில் அமர்ந்தவர், வாயிற்காவலருடன் வெயிலில் நின்றபோது செக்கடி நினைவுக்கு வந்தது. இரண்டு மாதங்களில் அந்தப் பணம் அம்மாளின் கணக்கில் வந்து சேர்ந்தது.

அதன்பின் செய்தி தானே பரவிற்று. இப்போது வாரத்தில் நான்கு நாட்கள், கோயிலுக்கு வெளியே பூக்கடைகளின் ஓரம் ஒரு மடக்கு நாற்காலியில் அவரைக் காணலாம். பத்து ஆண்டுகள் தொடப்படாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றாலும் உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்பதைப் பலர் அவரிடம்தான் அறிந்தனர். 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில் தேடிக் கொடுக்கிறார். நவம்பர் வந்தால் ஓய்வூதியர்களின் ஆயுள் சான்று. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்பதில்லை. முகத்தைக் காட்டியே சான்று பெறும் செயலியை மகன்தான் அவருடைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். வேண்டிய ஆவணங்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தந்தவனும் அவனே. வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

சில விதிகளை அவர் வகுத்துக்கொண்டிருக்கிறார். யாருடைய கணக்குப் புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. இரகசிய எண்ணைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறார். காசு வாங்குவதில்லை, ஒரு முழம் பூ கொடுத்தால் மட்டும் அம்மனுக்கென்று பெற்றுக்கொள்கிறார். எல்லாம் வெற்றியாக முடிவதில்லை. சந்தா ஓராண்டு விட்டுப்போன குடும்பம் ஒன்றுக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை கோபமாகப் பேசிவிட்டுப் போனான். இரண்டு நாட்கள் அவர் நாற்காலியை விரிக்கவில்லை.

சென்ற கார்த்திகைப் பௌர்ணமியன்று ஆதிபுரீசுவரரைக் கவசமின்றித் தரிசிக்கக் கூட்டம் அலைமோதிற்று. ஆண்டில் மூன்றே நாட்கள் கிட்டும் தரிசனம். நவம்பர் முடியப் போகிறதே என்று ஆயுள் சான்றுக்கு வந்தவர்கள் அவரைச் சூழ்ந்திருந்தனர். மாலையாகியும் அவர் எழவில்லை. பூக்கார அம்மாள்தான் எழுந்து வந்து அவருடைய பையை வாங்கித் தம் கூடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இவங்களை நான் உக்கார வைக்கிறேன் சார். நீங்க போய் சாமியைப் பாத்துட்டு வாங்க. நடை சாத்திடப் போறாங்க."