அடிப்பிடித்த கஞ்சியின் வாசனை

மங்கிஸ் பழத்தை எப்படிப் பிழிந்தாலும் வாசனைத் தைலம் கிடைக்காது. தோலிலிருந்து கறைதான் வரும். சட்டையில் பட்டால் லேசில் போகாது. வெள்ளைச் சுளையின் மணமோ மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும். அந்தப் பழத்தையும் புலுட் ஈத்தாம் என்கிற கருப்பு அரிசிக் கஞ்சியையும் ஒரே புட்டிக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் பண்டமாரானுக்குப் போனேன்.

போர்ட் கிள்ளானுக்குப் போகும் வழியில் இருக்கிறது பண்டமாரான். மலாயா அவசரகாலத்தில் எழுந்த சீனப் புதுக்கிராமம். வரிசை வீடொன்றின் பின்கட்டில் வாசனைத் திரவியப் பட்டறை. தலையில் பூ வைத்துக்கொண்டோ, பவுடர் பூசிக்கொண்டோ உள்ளே போகக் கூடாது. நான் காலையில் பூசிய சந்தனத்தையும் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள்.

எடை போடுவதும் புட்டியில் நிரப்புவதும் ஒரு தமிழ் அக்காவின் வேலை. முன்பு கையுறை ஃபேக்டரியில் இருந்தவர். கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில், மூச்சை அடக்கிக்கொண்டு சொட்டு விடுகிறார். மின்விசிறி ஓடினாலே எண் ஆடுமாம். ஏர்கோன் காற்றுகூடத் தராசுப் பக்கம் வராதபடி அட்டை மறைப்பு வைத்திருக்கிறார்கள்.

பழம் எதுவும் அங்கே இல்லை. மங்கிஸ் சுளையின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஹெக்ஸைல் அசிடேட். இன்னொன்று, புல் வெட்டும்போது எழும் பச்சை வாடைக்கு நெருங்கிய உறவுக்காரப் பொருள். இவற்றை மட்டும் கலந்தால் வெளிறிப்போன வாசனைதான் வரும். தோலின் கருமையைக் கொண்டுவர டமாஸ்கோன் வேண்டும். காய்ந்த பிளம் பழம்போல மணக்கும் இது ரோஜாத் தைலத்திலும் துளியளவு உண்டு. அடியில் இந்தோனேசியப் பச்சோலி எண்ணெய், ஈர மண்ணாக.

இனிப்புக்கு எத்தில் மால்டோல், பாகு காய்ச்சும் மணம். 1992இல் வந்த தியரி முக்லரின் ‘ஏஞ்சல்’ வாசனைத் திரவியம் இதையும் பச்சோலியையும் தாராளமாகச் சேர்த்த பிறகுதான் உலகமே மிட்டாய்க் கடையாக மணக்கத் தொடங்கியது. எனக்கு அந்த வகை நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காது. கஞ்சியில் போடும் குலா மலாக்கா வெல்லம் அப்படிப்பட்ட இனிப்பு இல்லை. அதில் புகையும் புளிப்பும் இருக்கின்றன.

கஞ்சியில் சேரும் பாண்டான் இலை இன்னும் பெரிய தலைவலி. அதன் மணத்தைத் தருகிற அசிட்டைல் பைரோலின்தான் பாசுமதிக்கும் தாய்லாந்து மல்லிகை அரிசிக்கும் மணம் கொடுப்பது. ஆனால் சீக்கிரம் சிதைந்துவிடும், புட்டியில் நிற்காது. எனவே அரிசி மணத்தையும் தேங்காய் மணமுள்ள லாக்டோனையும் வைத்துப் பாண்டான் இருப்பதுபோல் நம்பவைக்கிறார்கள்.

எல்லாம் சேர்த்த முதல் கலவையைக் காகிதப் பட்டையில் நனைத்து அக்காவிடம் நீட்டினாராம் தவுக்கே, பட்டறையின் முதலாளி. அவர் முகர்ந்துவிட்டு, “கூராங் ஹங்குஸ்” என்றாராம், தீய்ந்தது போதாது என்று. “கருப்பு அரிசிக் கஞ்சின்னா ஒரு எடத்துலயாவது அடி பிடிக்கணும் தம்பி,” என்று எனக்கும் விளக்கினார். “கிண்டிக்கிட்டே இருந்தாலும் பிடிக்கும். அந்த வாசம் இல்லேன்னா அது டின்னுல வந்த கஞ்சி.”

வறுத்த பொருள்களில் வரும் பைராஸின் கைகொடுத்தது. நூற்றில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து, அதிலும் ஒரு சொட்டு. இரண்டாகிவிட்டால் கஞ்சி போய் வறுத்த கச்சான் வந்துவிடும். கூடவே நம் குளியல் பொடியில் போடும் கோரைக்கிழங்கின் எண்ணெய், விறகுப் புகைக்காக. மாற்றிய கலவையை நான் முகர்ந்து பார்த்தேன். முதலில் பழம், பிறகு பாகு. கால் மணி நேரம் கழித்துத்தான் சட்டியின் அடி. அந்த அடி இல்லாவிட்டால் இதற்காகக் கிள்ளான் வரை வந்திருக்க வேண்டியதில்லை.

வாசனைத் திரவியத்தில் கரைப்பானாகச் சேர்க்கும் ஆல்கஹால் மார்க்கப்படி கூடும் என்று 2011இல் தேசிய ஃபத்வா மன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் எண்ணெய் வகையைக் கேட்கிறவர்கள் நிறைய. அதற்கு ஊற்றும் ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் பெரும்பாலும் செம்பனைக் கொட்டையின் எண்ணெயிலிருந்து வருவது. அக்காவின் அம்மா எஸ்டேட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர். “அவங்களுக்கு இடுப்பு போச்சு, எனக்குக் கண்ணு போகுது,” என்று சிரித்தார். மணிக்கணக்குச் சம்பளம்தான். அட்டைப்பெட்டியில் கலவை செய்தவர் என்று தவுக்கேயின் பெயர் இருக்கிறது; அடிப்பிடித்த யோசனையைத் தந்தவருக்கு அதில் இடமில்லை. ஒரு வரி சேர்த்தால் என்ன என்று தவுக்கேயிடம் கேட்டேன். அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றார்.

இந்த நாட்டுச் சின்னப் பட்டறைகளைக் குறைத்து நினைக்க வேண்டியதில்லை. மலேசியச் சகோதரர்கள் இருவர் நடத்தும் ஆஃபோரி, ‘மியாக்கோ’ என்ற கலவைக்காக 2016இல் ஆர்ட் அண்ட் ஒல்ஃபாக்ஷன் விருதே வாங்கியது.

அடுத்தது சரவாக்கின் டபாய் பழமாம். கருப்பாக, ஆலிவ் போல இருக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் மெத்தென்றாகும், உப்பு தொட்டுச் சாப்பிடுவார்கள். பறித்தால் சில நாள்தான் தாங்கும். தவுக்கே கைப்பேசியில் படத்தைக் காட்டி, எப்படி மணக்கும் என்று விவரித்துக்கொண்டிருந்தார். அக்கா தராசைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“படம் வேணாம் தவுக்கே. பழத்த வாங்கிட்டு வாங்க, தின்னுட்டுச் சொல்றேன்.”