கோடாரிக் காம்பும் குலமும்

காட்டைக் காப்பதென்றால் கோடாரியைத் தடுப்பது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்கருகே உள்ள பிராட்ஃபீல்ட் காட்டுக்குள் ஒரு மே மாதக் காலையில் நுழைந்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. அது தேசிய இயற்கைக் காப்பகம். ஆனால் எங்களை எதிர்கொண்டவை வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள். திரும்பிவிடலாம் என்றார் எங்களில் ஒருவர்.

பிறகுதான் கட்டைகளைச் சுற்றிக் கிளம்பியிருந்த துளிர்களைக் கவனித்தோம். கரும்பு வெட்டிய வயலில் மறுதாம்பு தழைக்குமே, அதே காட்சி. 1252ஆம் ஆண்டிலிருந்தே இங்கு இம்முறை நடந்துவருவதற்குச் சான்றுகள் இருக்கின்றன. அன்று காடு பரி மடாலயத்துக்குச் சொந்தம். மடாலயம் 1539இல் கலைக்கப்பட்டது, வெட்டு நிற்கவில்லை.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு துண்டு மட்டுமே வெட்டப்படுகிறது. வெயில் விழுந்த தரையில் ஆக்ஸ்லிப் மலர்கள் பூக்கின்றன, பட்டாம்பூச்சிகள் வருகின்றன. சில ஆண்டுகளில் அது புதராக அடரும்போது பாடும் பறவைகளுக்குக் கூடுகட்ட இடமாகிறது. மேலும் முதிர்ந்தால் ஹேஸல் கொட்டைகளைத் தின்று கொழுத்து, குளிர்காலம் முழுவதும் உறங்கும் டார்மவுஸ் என்ற சிற்றுயிருக்கு வீடாகிறது. எல்லா வயதுக் காடும் அருகருகே இருப்பதால் எவ்வுயிரும் இடமின்றிப் போவதில்லை.

இங்கே வெட்டிய ஆஷ் மரங்கள் வைக்கோல் வாரும் கருவிகளாயின, கருவிக் காம்புகளாயின. அந்தத் தேவைதான் காட்டை வாழவைத்தது. கோடாரிக் காம்பைக் குலத்துரோகி என்று பழித்துப் பழகிய நமக்கு இது புதிய பாடம். 1960களில் காட்டின் பெரும் பகுதியொன்று அழிந்தது வேளாண்மைக்காக வேரோடு பெயர்க்கப்பட்டதால்தான். எஞ்சியதைப் போராடி மீட்டார்கள்.

இன்று அச்சம் வேறு. 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஆஷ் மரங்களை நுனியிலிருந்து கருக்கிக்கொண்டு வருகிறது. ஆயிரம் வயது இருக்கலாம் எனக் கணிக்கப்படும் அடிக்கட்டைகள் இக்காட்டில் உண்டு. எத்தனையோ தலைமுறை வெட்டுகளைத் தாங்கியவை. வெட்டிய பின் துளிர்ப்பது அவற்றுக்குத் தெரியும். இந்த நோயிலிருந்து துளிர்க்கத் தெரியுமா?

திரும்பலாம் என்ற நண்பர் அத்தகைய கட்டையொன்றின் அருகே நெடுநேரம் நின்றிருந்தார். நாங்கள் அவரை அழைக்கவில்லை.