என் தட்டைப் பார்த்து வளர்ந்தவள்

என் மகள் காய்கறி சாப்பிடாமல் வளர்ந்ததற்கு நான்தான் காரணம். அந்தப் பழியை வருஷக்கணக்காக அவள்மேல் போட்டேன். மீதியை அவள் அம்மாவின் சமையல்மேல் போட்டேன். இரண்டும் பொய். பொய்யென்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ரொம்பக் காலம் பீர்க்கங்காய் வாங்கியதில்லை. புடலங்காய், சுரைக்காய், பாகற்காய், அரசாணிக்காய் எதுவும் வாசப்படி ஏறியதில்லை. எனக்குப் பிடிக்காது, அது ஒன்றுதான் காரணம். என் மனைவிக்குப் பீர்க்கங்காய் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆசையாகக் கடைந்து வைத்தாள். நான் முகத்தைச் சுளித்துத் தட்டோரம் ஒதுக்கினேன். அதற்கப்புறம் அவள் வைக்கவே இல்லை. உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், எப்போதாவது பீன்ஸ் என்று எங்கள் அடுப்படி சுருங்கிப்போனது. ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் பையை எடுத்துக்கொண்டு போகிறவனும் நான்தான். விடிகாலையில் பறித்த காய்கள் கடை கடையாகக் குவிந்து கிடக்கும். அத்தனையையும் தாண்டிப் போய் அதே நாலு காயை எடைபோட்டு வாங்கி வருவேன்.

இந்தப் பழக்கம் எனக்குச் சின்ன வயதில் வந்தது. தாராபுரத்துப் பக்கம் எங்கள் ஊர். காய் வேண்டாமென்று நான் உதட்டைப் பிதுக்கினால், "உடு சாமி, முட்டை பொரிச்சுத் தர்றேன்" என்பார் அம்மா. அக்காவுக்கு அந்தச் சலுகை கிடையாது. வைத்ததை உண்டுவிட்டுத்தான் எழ வேண்டும். ஆண்பிள்ளையின் நாக்குக்கு ஏற்றபடி உலை வைக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தேன், வளர்ந்து இன்னொரு வீட்டையும் அப்படியே ஆக்கினேன்.

அதே நான் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளாக இருந்தேன். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளியிலும் சத்துணவுக்கூடம் வந்திருந்தது. வரிசையில் உட்கார்ந்து தட்டை நீட்டினால், சோற்றில் ஊற்றும் சாம்பாரில் அரசாணிக்காய் மிதக்கும். பக்கத்தில் இருந்தவன் சாப்பிட்டான், நானும் சாப்பிட்டேன். வீட்டில் தொடாத காய் அங்கே தொண்டையில் இறங்கியது. லீஆன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. ஒரு காயைப் பிடிக்காத சின்னப் பிள்ளைகளை, அதை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு சேர்த்துச் சாப்பிட உட்காரவைத்தார். சில நாள்களில் அவர்களும் அந்தக் காயை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் பக்கத்துத் தட்டைப் பார்த்துத்தான் சாப்பிடப் பழகுகிறார்கள். என் மகளுக்குப் பக்கத்துத் தட்டு என்னுடையது.

அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியல் வைத்திருந்தோம். அவள் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. தின்றால்தான் டிவி என்றேன். தின்றால் சாக்லேட் என்றேன். கடைசியில் நானே உருட்டி அவள் வாயில் திணித்தேன். வாயை மூடிக்கொண்டு என் தட்டைக் கைகாட்டினாள். பிறகு திணறிக்கொண்டே, "நீங்களும் ஒதுக்கித்தானே வெச்சிருக்கீங்க, அப்பா" என்றாள். என் தட்டோரத்தில் அதே கீரை, ஒரு கைப்பிடி, அப்படியே இருந்தது. உண்மையைச் சொன்ன பிள்ளையைத் தொடையில் கிள்ளினேன். அவள் அழுதாள், கீரையை விழுங்கவில்லை. என் மனைவி ஒன்றும் பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வாயைக் கழுவிவிட்டாள். நான் என் தட்டிலிருந்த கீரையைக் குப்பையில் கொட்டிவிட்டு எழுந்தேன்.

திணித்தால் பிள்ளைகள் இன்னும் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காய்கறி சூப் கொடுத்து, ஒரு சூப்பை மட்டும் "குடித்து முடி" என்று வற்புறுத்தினார்கள். வற்புறுத்தியபோது அவர்கள் குடித்தது குறைவு, குறை சொன்னதுதான் அதிகம். புதிய ருசியைக் கண்டு தயங்குவது இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயதுவரை பிள்ளைகளின் இயல்பு. கசப்பும் அவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும். எட்டுப் பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட, தட்டில் பார்த்து, தொட்டு, நுனிநாக்கில் வைத்த பிறகே ஒரு காய் பழகும். நானோ ஒரே வேளையில் தீர்ப்பு எழுதிவிட்டேன்: இவளுக்குக் காய் ஆகாது. இரண்டு வயது முதல் ஐந்து வயதுவரை நாளைக்கு 250 கிராம், ஆறு முதல் ஒன்பது வரை 350 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுப் பரிந்துரை. எங்கள் வீட்டில் நானும் அவளும் சேர்ந்து தின்றாலும் அந்த அளவு வந்திருக்காது.

பிறகு நான் அடுப்படிக்குள் நுழைந்தேன். கற்றுக்கொடுத்தவள் என் மனைவி. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து முருங்கை ஊர் ஊராக லாரியேறிப் போகிறது. அந்த மண்ணுக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு முருங்கைக்கீரை உருவக்கூடத் தெரியாது. இப்போது தெரியும். கடலை எண்ணெயில் கடுகு, வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயத்தைக் கை நிறைய நறுக்கிப் போட்டு, அது இனிப்பேறும்வரை வதக்க வேண்டும். பிறகு கீரையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, மூடாமல் வேகவிட வேண்டும். மூடினால் நிறம் மங்கிவிடும். மலர வெந்த பாசிப்பருப்பையும் தேங்காய்த் துருவலையும் சேர்த்து, இறக்கும்போது வறுத்த வேர்க்கடலைப் பொடியைத் தூவினால் கசப்பு அடங்கிவிடும். முட்டைக்கோஸை அரைவேக்காட்டில் இறக்க வேண்டும். குழைய வெந்தால் வரும் நாற்றத்துக்குத்தான் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். அரிசிம்பருப்பு சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள, பச்சைப்பயறு போட்டுப் பீர்க்கங்காயைக் கடைகிறோம். அதில் என் மனைவிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. அவள் தட்டில் காய் கொஞ்சமாக வைக்கிறோம், தின்னச் சொல்வதில்லை. என் தட்டில் வைத்ததை அவள் பார்க்க நான் சாப்பிட்டு முடிக்கிறேன். பீர்க்கங்காயும் அரசாணிக்காயும் அவளாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். பாகற்காயை இன்னும் தொடவில்லை. முருங்கைக்கீரையை முன்னால் வைத்தால் இன்றைக்கும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். அன்று கிள்ளியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஞாபகம் இருக்குங்கப்பா" என்றாள். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் தகப்பன்மார்களுக்காக அதையும் எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளை காய் தின்ன மாட்டேன் என்றால், அதட்டுவதற்கு முன் உங்கள் தட்டோரத்தைப் பாருங்கள். வீட்டில் எந்தெந்தக் காய் வாங்குவதில்லை, யாருக்குப் பிடிக்காததால் வாங்குவதில்லை என்று மனைவியிடம் கேளுங்கள். இந்த வாரம் சந்தையில் அதில் ஒன்றை வாங்கி வந்து, சமைக்கவும் கூட நின்று, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாயை நீங்கள் உண்ணுங்கள்.