ஒப்புரவு: முதலில் எழுந்து செல்ல வேண்டியவர் யார்?

திருக்குறளின் 22-ஆம் அதிகாரத்தின் பெயர் ஒப்புரவறிதல். உலகநடை அறிந்து பிறர்க்குப் பயன்பட வாழ்தலை அது பேசுகிறது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இதே சொல், பகை நீங்கி ஒன்றுசேர்தலைக் குறிக்க எடுத்தாளப்பட்டது. கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் தம் பணியையே ஒப்புரவாக்கும் ஊழியம் என்கிறார். அவர் கையாண்ட கிரேக்கச் சொல்லாகிய 'கட்டல்லகே', மாற்றுதல் என்னும் பொருளடியில் பிறந்தது. நாணய மாற்றுக்கும் வழங்கியது. தமிழ்ச் சொல்லிலோ 'ஒப்பு' வெளிப்படையாகவே நிற்கிறது. ஒப்பு இல்லாத இடத்தில் ஒப்புரவு நிகழுமா என்னும் வினாவைத் தமிழில் அச்சொல்லே எழுப்பிவிடுகிறது.

பெங்களூரில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை இவ்வினாவுக்கு அருகில் நிற்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள். ஒரே தமிழ்ச் சபையைச் சேர்ந்த அக்காவும் தம்பியும். தந்தை உயில் எழுதாமல் மறைந்தார். ஊரிலிருந்த வீட்டைத் தம்பி விற்றார். அக்கா தம் பங்கைக் கேட்டபோது, "உனக்குத்தான் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சே" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு ஆண்டுகள் கடந்தன.

சட்டத்தில் ஐயமில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாதபோது கிறிஸ்தவக் குடும்பத்து மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. திருவிதாங்கூரில் மகனது பங்கில் காற்பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் குறைந்ததே மகளுக்கு என்றிருந்த 1916-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, 1986-இல் மேரி ராய் வழக்கின் தீர்ப்போடு வலுவிழந்தது. ஆயினும் ஏட்டிலுள்ள சமம் வீட்டுத் திண்ணையை எட்டுவதற்குள் சோர்ந்துபோகிறது.

ஆண்டுதோறும் திருவருகைக் காலம் தொடங்கியதும் சபைப் பெரியவர்கள் அக்காவின் வீட்டுக்கு வருவார்கள். "கிறிஸ்மஸ் வருதும்மா, நீங்கதான் மூத்தவங்க, விட்டுக்கொடுங்க" என்பார்கள். அவர் தேநீர் கொடுத்து அனுப்புவார். அவர் விடை எப்போதும் ஒன்றே: "மன்னிச்சுட்டேன். ஆனா, என் பங்கு இல்லைன்னு எழுதித் தரமாட்டேன்." மன்னிப்பும் உரிமைத் துறப்பும் வேறு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார், சபை அறிந்திருக்கவில்லை. அவர் பிடிவாதக்காரி என்று பெயரெடுத்தார்.

தம்பியோ பாடகர் குழுவின் தூண். டிசம்பர் இரவுகளில் கீத பவனி அவ்வீட்டுக்கும் செல்லும். குழுவினர் உள்ளே பாடி, முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் உண்டு திரும்பும்வரை, அவர் தெருவில் வண்டியருகே நிற்பார். தம்பியின் குரல் இல்லாத அப்பாட்டைக் கேட்டபடி அக்கா வாசலில் நிற்பார்.

சென்ற ஆண்டு புதிதாக வந்த போதகர் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தார். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து செல்லுமாறு இயேசு சொல்வது மனத்தாங்கல் கொண்டவரை நோக்கியன்று. எவர்மேல் பிறர்க்குக் குறை உண்டோ, அவரை நோக்கியே. நடக்க வேண்டியவர் குறைக்குக் காரணமானவர். இத்தனை ஆண்டுகளாகச் சபை தவறான வீட்டின் கதவைத் தட்டிவந்திருக்கிறது. அவர் அக்காவின் வீட்டுக்குப் போகவில்லை. தம்பியின் வீட்டுக்குப் போனார்.

அறிவுரை ஏதும் கூறவில்லை. குடும்ப வேதாகமத்தை எடுத்துவரச் சொன்னார். அதன் முதற்பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்த நாளையும் ஞானஸ்நான நாளையும் தந்தை எழுதி வைத்திருந்தார். இரண்டு பெயர்கள், ஒரே கையெழுத்து. மேலே இருந்தது அக்காவின் பெயர். தம்பி நெடுநேரம் பார்த்திருந்து, "அப்பா இருந்தா பிரிச்சுத்தான் கொடுத்திருப்பாங்க" என்றார்.

மறுவாரம் அவர் அக்காவின் வாசலுக்கு வந்தார். விற்பனைப் பத்திரத்தின் நகலும், பங்கைத் தவணைகளில் தருவதாக எழுதிக் கையொப்பமிட்ட தாளும் கையில் இருந்தன. "அக்கா, உள்ள வரலாமா?" என்றார். அவர் தாளை உடனே வாங்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். உணவுக்குப் பின்னர் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே வாங்கி வைத்தார். அன்பு கணக்குப் பார்க்காது என்பார்கள். அன்று அக்கணக்கு நேரானதால்தான் அன்பு மீண்டும் உட்கார இடம் கிடைத்தது.

புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் பழைய ஏற்பாடு மல்கியாவோடு முடிகிறது. அதன் இறுதி வசனம் தந்தையர் மனம் பிள்ளைகளிடமும் பிள்ளைகள் மனம் தந்தையரிடமும் திரும்புவதைப் பற்றியது. லூக்காவின் முதல் அதிகாரத்தில் தூதன் சகரியாவிடம் அதையே நினைவூட்டுகிறான். கர்த்தருக்கு வழி ஆயத்தம் செய்வதன் முதல் அடையாளமாக அங்கே சொல்லப்படுவது குடும்பம். குடிலும் விண்மீன் விளக்கும் அதற்குப் பின்னரே.

எல்லாம் நேராகிவிடவில்லை. தம்பியின் மனைவி இன்னும் பேசுவதில்லை; தவணைகளில் பாதி மீதமிருக்கிறது. ஆனால் அந்த டிசம்பரில் கீத பவனி அக்காவின் வீட்டை அடைந்தபோது, வண்டியருகே எவரும் நிற்கவில்லை.