எர்த் எங்கே போச்சு?

காரில் ஏசி குளிரவில்லை என்றால் ஓட்டுநரும் உரிமையாளரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "கேஸ் போயிடுச்சு." சென்னை புதுப்பேட்டையில், பழைய உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே இருக்கும் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை ஒன்றில் ஒரு பகல் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீர்ப்பு எவ்வளவு எளிதாகப் பொய்த்துப்போகிறது என்பதை அங்கே பார்த்தேன்.

வந்த காருக்கு விசித்திரமான கோளாறு. காலையில் நன்றாகக் குளிரும். மதிய நெரிசலில் வெறும் காற்றுதான். வேறொரு இடத்தில் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

மூத்த எலக்ட்ரீஷியன் எதையும் கழற்றவில்லை. முதலில் பிரஷர் கேஜை மாட்டினார். இன்ஜின் நின்றிருக்கையில் 110 பிஎஸ்ஐ காட்டியது. கேஸ் முழு அளவில் இருக்கிறதா என்பதை இது சொல்லாது. ஆனால், பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரைத் தடுக்கும் அளவுக்குக் குறையவில்லை என்பது உறுதி. ஃபியூஸ் சரி. ரிலேவைக் கழற்றி, அதே வகை ஹாரன் ரிலேவை அந்த இடத்தில் செருகினார், மாற்றமில்லை. ரிலே 'டிக்' என்கிறது, கம்ப்ரஸரை ஓடவைக்கும் காந்த கிளட்ச் மட்டும் ஒட்ட மறுக்கிறது.

உதவிக்கு இருந்த இளைஞர் கிளட்சின் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தார். 13.5 வோல்ட். "அண்ணே, லைன் வருது. காயில்தான் போயிருக்கு." மூத்தவர் கிளட்சின் காந்தக் காயிலை அளந்தார்: 3.5 ஓம். நல்ல காயில்.

"லோடு இல்லாம பாத்தா எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான்டா" என்றபடி கப்ளரை மாட்டி, பின்பக்கமாக ஊசியைச் செருகி மறுபடி அளந்தார். காயிலுக்குக் கிடைத்தது 7 வோல்ட்தான். அடுத்து காயிலின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை வைத்தார். ஏறக்குறைய எதுவுமே காட்டக்கூடாத இடத்தில் 6 வோல்ட்! பாடியோடு எர்த் ஒயரைச் சேர்க்கும் போல்ட்டில் துரு ஏறியிருந்தது. காயில் சூடானால் அதன் ஓம் கூடும், கரண்ட் குறையும், காந்த இழுப்பு தளரும். காலையில் எப்படியோ சமாளித்த கிளட்ச் மதியத்தில் கைவிட்டது அதனால்தான்.

பக்கத்துக் காரில் இன்னொரு பாடம். புளோயர் நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடியது. அந்த ஸ்பீடுக்கு ரெசிஸ்டர் தேவையில்லை என்பதால் ரெசிஸ்டர் எரிந்திருப்பது வெளிப்படை. ஆனால் அதை மாற்றியதோடு விடாமல் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் பார்த்தார்கள். மோட்டார் இறுகியிருந்தால் புது ரெசிஸ்டரும் எரியும். ஆட்டோமேடிக் ஏசி வந்தபின் கோளாறு தேட ஸ்கேனரும் உதவுகிறது. ஆனால் அது காட்டும் சென்சார் பிழைக் குறியீட்டுக்குச் சென்சாரே பழுது என்று பொருளாக வேண்டியதில்லை. எலி கடித்த ஒயரும் அதே குறியீட்டைத்தான் தரும்.

முதல் காரின் துருப்பிடித்த போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஒயருக்குப் புது லக் போட்டதும் கிளட்ச் 'டக்'கென்று ஒட்டியது. கூலி கேட்டபோது உரிமையாளர் முகம் சுளித்தார்: "பார்ட் ஒண்ணும் மாத்தலையே?" இந்தத் தொழிலின் கஷ்டமே இதுதான். மாற்றியதற்குப் பணம் தருகிறோம், கண்டுபிடித்ததற்குத் தருவதில்லை. அதனால்தான் பல இடங்களில் அளக்காமலே மாற்றுகிறார்கள்.

அடுத்த முறை யாராவது கம்ப்ரஸரை மாற்றச் சொன்னால், லோடில் எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். அளந்து சொல்பவருக்கு, பார்ட் எதுவும் மாற்றாவிட்டாலும், கூலியை முழுதாகக் கொடுங்கள்.