கடைசியாக வந்து சேரும் ஆறு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் டவுன் பஸ் ஏறினால் அரை மணிக்குள் பூந்துறை வந்துவிடுகிறது. வழியில் நகரம் எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. கான்கிரீட் வீடுகள், பேக்கரிகள், செல்போன் கடைகள். புனித தோமையார் ஆலயத்தைத் தாண்டி, மணலில் ஏற்றிவைத்த படகுகளைப் பார்த்த பிறகுதான் இது மீனவர் ஊர் என்று புரிகிறது. மாநகராட்சிக்கு இது ஒரு வார்டு.

நகரத்தையும் ஊரையும் முதலில் இணைத்தது சாலை அல்ல, கரமனை ஆறு. அகஸ்திய மலையருகே பிறந்து சுமார் 68 கி.மீ. ஓடி, தமிழ் அக்ரகாரத்துக்குப் பேர்போன கரமனையைக் கடந்து, திருவல்லத்தில் பித்ருக்களுக்கான எள்ளும் நீரும் வாங்கிக்கொண்டு, பூந்துறைப் பக்கம் கடலில் விழுகிறது. அந்த இடத்துக்குப் பொழி என்று பெயர். கோடையில் அலை மணலைக் குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். மழை வந்தால் திறக்கும்.

1544 இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் நடந்து முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, நகரம் இந்தக் கரையிலிருந்து வெகுதூரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணி கௌரி பார்வதி பாய் பெயரில் பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டது. பூந்துறைப் பக்கத்து நீர்வழி வடக்கே வேளிக் காயலோடு இணைந்தது. சரக்கு வள்ளங்கள் ஓடின. அந்தக் கால்வாய் இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரையும் கறுப்புத் தண்ணீருமாகக் கிடக்கிறது.

நகரம் ஆற்றை முதலில் குடித்தது. 1933இல் அருவிக்கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1983இல் இன்னும் மேலே பேப்பாறையில் அணை எழுந்தது. பிறகு வீடு கட்ட மணலையும் அள்ளினார்கள். (ஆற்று மணல் அள்ளுகிறவர்களின் வாழ்க்கையைச் சாலைக் கடைத்தெருவின் எழுத்தாளர் ஆ. மாதவன் 'புனலும் மணலும்' நாவலாக்கினார்.) குடித்தது போக மிஞ்சியதில் நகரத்தின் சாக்கடை கலந்தது. கிள்ளியாறும் தன் பங்கைக் கொண்டுவந்து கரமனை ஆற்றில் கொட்டுகிறது. பக்கத்து முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2013இல்தான் இயங்கத் தொடங்கியது. அதற்குள் வராத கழிவுக்கு ஆறே வழி.

மேலிருந்து மணல் வராத கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. துறைமுகக் கட்டுமானங்களையும் மீனவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த வாதம் முடிந்தபாடில்லை. பாதுகாப்புக்குக் கொட்டிய கருங்கல் கரைமடி இழுக்கும் இடத்தையும் எடுத்துக்கொண்டது. கடலரிப்பில் வீடிழந்த மீனவர்களுக்காக முட்டத்தறையில் கட்டிய 192 அடுக்குமாடி வீடுகள் 2018இல் திறக்கப்பட்டன. கூரை கிடைத்தது, சரி. வலையை எங்கே உலர்த்துவது, விடியலில் கடலின் நிறத்தை எந்த ஜன்னலில் பார்ப்பது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இடம்பெறாத கேள்விகள்.

நகரத்துக்கு இந்த ஊர் பேரிடரில்தான் நினைவு வரும். 2017 நவம்பர் 30இல் ஓகி புயல். கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. 2020 ஜூலையில் கொரோனா பரவியபோது தெருக்களில் கமாண்டோக்கள் நிறுத்தப்பட்டார்கள். தலைச்சுமையாக மீன் கொண்டுபோய்த் தெருத்தெருவாக நகரத்துக்குச் சோறு ருசிக்கச் செய்த பெண்களைக் கண்டால் விலகிப் போனார்கள்.

மழை வலுத்து ஆறு நிறையும்போது மண்வாரி இயந்திரம் பொழிக்கு வருகிறது. மணல்மேட்டை வெட்டிவிட்டால், மேலே தாழ்வான பகுதிகளில் ஏறிய வெள்ளம் வடியத் தொடங்கும். பிளாஸ்டிக் பைகளும் பாட்டில்களுமாக அது பூந்துறையைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. மறுநாள் வலையில் அதில் பாதி திரும்பி வருகிறது.