செவியும் ஓர் ஆய்வுக் கருவியே

வாய்மொழி வரலாறு, நாட்டார் வழக்காற்றியல், மொழியியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோரின் நாள்களில் பெரும்பகுதி ஹெட்போனுக்குள் கழிகிறது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் ஆவது வழக்கம். பதிவில் மூதாட்டி ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுகிறார். பின்னணியில் மின்விசிறி இரைகிறது. ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. ஆய்வாளர் ஒலியளவை முழுவதும் உயர்த்தி, மூச்சடக்கிக் கேட்கிறார். அந்த நொடியில், மின்னஞ்சல் வந்ததை அறிவிக்கும் மணி முழு வலிமையோடு செவியில் அறைகிறது.

திடுக்கிடலோடு இது முடிந்துவிடுவதில்லை. பேரொலி எழும்போது நடுச்செவியின் சிறுதசைகள் சுருங்கி ஓரளவு காப்பளிக்கின்றன. ஆனால் அவை சுருங்குவதற்குச் சில பத்து மில்லி நொடிகளேனும் ஆகும்; திடீர் ஒலி அதற்குள் உட்செவியை அடைந்துவிடுகிறது. அங்குள்ள மயிரணுக்கள் அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் வளர்வதில்லை. வயதுவந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு, வாரத்திற்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் ஒலியாற்றல் இருமடங்காவதால், கேட்கத்தக்க நேரம் பாதியாகிறது. 86 டெசிபலில் 10 மணி நேரமே எஞ்சும்.

கணினியில் ஒலியளவு ஓரிடத்தில் மட்டும் முடிவாவதில்லை. கோப்பு, அதை இயக்கும் செயலி, இயங்குதளத்தின் முதன்மை அளவு, ஹெட்போன் என அது படிப்படியாக அமைகிறது. கோப்பில் உள்ள குறையை முதன்மை அளவில் ஈடுசெய்யும்போது, கணினியின் பிற ஒலிகள் அனைத்தும் சேர்ந்தே பெருக்கம் பெறுகின்றன. எனவே குறை எங்கு உள்ளதோ அங்கேயே அதைச் சரிசெய்ய வேண்டும். மூலப்பதிவைத் தொடாமல் நகல் ஒன்றை எடுத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒலியைச் சமப்படுத்தி, உச்சங்களுக்கு லிமிட்டர் கொண்டு வரம்பிட்டுவிட்டால், முதன்மை அளவைத் தாழ்வாகவே நிறுத்திவைக்கலாம்.

அடுத்தது பிற ஒலிகளை அடக்குவது. விண்டோஸின் வால்யூம் மிக்சரில் கணினி ஒலிகளுக்குத் தனி வரிசை உண்டு, அதைத் தாழ்த்தலாம். மேக் கணினியிலும் எச்சரிக்கை ஒலிக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. இணையவழி அழைப்பின்போது விண்டோஸ் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்கும். அழைப்பு முடிந்ததும் அவை பழைய அளவுக்குத் திரும்பும். இடையில் முதன்மை அளவை உயர்த்தியவருக்கு அது அதிர்ச்சியாகும். ஒலி அமைப்பின் தகவல்தொடர்புப் பகுதியில் இதை நிறுத்திவிடலாம்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் பல்ஸ்ஆடியோவின் ‘ஃபிளாட் வால்யூம்ஸ்’ அமைப்பைக் கவனிக்க வேண்டும். அது இயங்கினால் ஒரு செயலியின் அளவு உயரும்போது முதன்மை அளவும் உடன் உயரும். செயலியே அதை உச்சத்திற்குக் கொண்டுசெல்லவும் இயலும். அமைப்புக் கோப்பில் அதற்கு ‘நோ’ என எழுதி, பல்ஸ்ஆடியோவை மறுபடி தொடங்கினால், முதன்மை அளவு பயனரின் கையில் நிற்கும்.

ஆய்வு முறையியல் வகுப்புகளில் ஒலிப்பதிவுக் கருவியைக் கையாளவும், தகவலாளியின் ஒப்புதல் பெறவும் கற்பிக்கிறார்கள். பதிவைப் பாதுகாப்பாகக் கேட்பதற்கும் அங்கே அரைமணி நேரம் ஒதுக்கலாம். முனைவர் பட்டம் முடிந்த பின்னரும் பல்லாண்டுகள் கேட்க வேண்டிய குரல்கள் இருக்கின்றன.